மறுபடி கிணற்றில் இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோடை லீவு விட்டால் பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வருவார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிய பிள்ளைகளைப் பார்த்ததும் அப்பாக்களுக்கும் ஆசை வந்துவிடும், சட்டையைக் கழற்றுவார்கள். அந்த ஆசை நல்லது, விடவே கூடாது. ஆனால் பள்ளிக்கூட வயதில் நாங்கள் செய்த அதே முரட்டு வேலைகளை இப்போதும் செய்யப் பார்க்கிறார்கள். சாப்பிட்டதும் இறங்காதே, குடித்துவிட்டு இறங்காதே என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

பழைய உயரத்திலிருந்தே குதிப்பது

சுற்றிலும் போர்வெல் வந்தபிறகு கிணற்றுத் தண்ணீர் எவ்வளவோ கீழே போய்விட்டது. படிவழியே இறங்கி ஆழம் பார்த்தபிறகு குதியுங்கள்.

மண் எடுக்க மூழ்குவது

அடிவரை போய் ஒரு பிடி சேறு எடுத்து வந்து காட்டுவது எங்கள் ஊர்களில் பழைய பந்தயம். தப்பு எங்கே என்றால், மூழ்குவதற்கு முன் புஸ்புஸ்ஸென்று பலமுறை மூச்சை இழுத்து விடுவார்கள். நிறைய காற்று சேரும் என்று நினைப்பு. சேராது. மூச்சு முட்டுவது முக்கியமாக உடம்பில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால். வேகமாக மூச்சு விட்டால் அது வெளியேறிவிடும், ஆக்சிஜனோ பெரிதாக ஏறாது. அதனால் உள்ளே போனபின் முட்ட வேண்டிய நேரத்தில் மூச்சு முட்டாது. ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே வரும். மேலே வருகையில் தண்ணீரின் அழுத்தம் குறையக் குறைய அது இன்னும் சரிந்து, திடீரென நினைவு தப்பும். திணறலும் இருக்காது, கையசைப்பும் இருக்காது.

போன கோடையில் நல்ல நீச்சல்காரர் ஒருவர் இப்படித்தான் போனார். பச்சைத் தண்ணீரில் முழங்கை ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. "மாமா இன்னும் வரலையே" என்று அவருடைய அக்கா மகன் சொன்னபிறகுதான் இரண்டு பேர் குதித்துத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். இருமி, வாந்தியெடுத்து, கண் திறந்ததும் மூடியிருந்த கையை விரித்து, "எடுத்துட்டேன் பாரு" என்றார். உள்ளங்கையில் கருஞ்சேறு. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வேறு அடம். நினைவு தப்பியவர் எழுந்து நடந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

மூழ்கத்தான் வேண்டுமா? சரி, சாதாரணமாக ஒரே ஒரு மூச்சு எடுங்கள். மேலே ஒருவர் கண்ணெடுக்காமல் பார்க்கட்டும். காது வலித்தால் திரும்பிவிடுங்கள்.

முதல் நாளே நாலு சுற்று

வேண்டாம். படியோரமாக மல்லாந்து மிதந்து பழகுங்கள்.

கிணறு பழகியதும் ஒகேனக்கல்

கிணற்றுத் தண்ணீர் நிற்கும், காவிரி இழுக்கும். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்த தண்ணீர், இங்கே வெயில் அடிக்கும்போதே ஏறிவரும். தடை போட்டிருக்கும் நாளில் பாறைப்பக்கமே போகாதீர்கள்.

மோட்டார்

ஓடும்போது இறங்கவே கூடாது. நின்றிருந்தாலும் நம்பாதீர்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓடும். பியூஸ் கட்டையைப் பிடுங்கி, மேலே நிற்பவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.