500 வெள்ளிக்குள் காருக்கு நல்ல பேஸ்: சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் தேர்ந்தெடுப்பது எப்படி

காரோடு வந்த ஸ்பீக்கரில் பாடகர் குரல் நன்றாகத்தான் கேட்கிறது. உறுமி இழுக்கும்போதும் பேஸ் கிட்டார் கீழே இறங்கும்போதும்தான் ஏதோ குறைகிறது. கதவுக்குள் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது மிகத் தாழ்ந்த ஒலியில், அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ் வரை போகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சப்வூஃபர். அதை ஓட்டும் சக்தியைத் தருவது ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப்.

இது முதல்முறை வாங்குகிறவர்களுக்கான பதிவு. கையில் ஏறக்குறைய 500 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது, பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்பவர்களுக்கு. பலமாடிக் கார்ப்பார்க்கில் நுழைந்ததுமே புளோக் முழுக்க அதிர வேண்டும் என்றால் இந்தப் பட்ஜெட்டும் போதாது, நானும் சரியான ஆள் இல்லை.

படி 1: முதலில் காரைப் பாருங்கள்

சிஓஇ, அதாவது காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி இருக்கிறது? இரண்டு, மூன்று ஆண்டுதான் என்றால், கழற்றி அடுத்த காரில் மாட்டக்கூடிய சாமானாக வாங்குங்கள். பூட்டின் மூலைக்கு அளவெடுத்துச் செய்யும் ஃபைபர் பெட்டி அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காரோடு அதுவும் ஸ்கிராப்புக்குப் போய்விடும்.

வாடகைக் காரில் தனியார் வாடகை ஓட்டுநராக இருப்பவர்கள் நிறுவனத்தைக் கேட்காமல் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். இருக்கையைக் கழற்றி இடம் பண்ணலாமா என்று யோசிப்பவர்கள், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வாகன மாற்ற விதிகளைப் படித்துவிட்டு இறங்கட்டும்.

ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரஞ்சு நிற வயர் எல்லாம் உயர் மின்னழுத்த வயர். கை வைக்கவே கூடாது. ஆம்ப்ளிஃபையர் மாட்டுவது 12 வோல்ட் பாட்டரியில்தான், அதையும் இந்தக் கார்களில் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள்.

படி 2: சீட்டுக்கு அடியிலா, பூட்டிலா?

குழந்தை ஸ்ட்ரோலரும் ஃபேர்பிரைஸ் பைகளும் பூட்டை நிரப்பும் குடும்பம் என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான சப்வூஃபரே போதும். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும், தனியாகப் பொருத்தம் பார்க்கும் வேலை இல்லை. பயனியர், கென்வுட், ஜேபிஎல் எல்லாரிடமும் இந்த வகை உண்டு. ஜேபிஎல் பேஸ்புரோ எஸ்எல்2 என்பது 8 அங்குல ஸ்பீக்கரும் தொடர்ந்து 125 வாட் (ஆர்எம்எஸ்) தரும் ஆம்ப்பும் சேர்ந்தது. ரொம்ப ஆழமான பேஸை இதில் எதிர்பார்க்காதீர்கள், பாட்டுக்கு ஒரு அடித்தளம் கிடைக்கும். வாங்குமுன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, கீழே இறக்கியும் பார்த்து, மிகக் குறுகலான இடத்தை அளந்துகொள்ளுங்கள். பின்சீட்டுக்குக் காற்று அனுப்பும் ஏர்கான் குழாய் சில கார்களில் அங்கேதான் ஓடுகிறது.

பூட்டில் கொஞ்சம் இடம் விட முடியும் என்றால் என் சிபாரிசு: மூடிய பெட்டியில் ஒரே ஒரு 10 அங்குல சப்வூஃபர்.

ஏன் மூடிய பெட்டி? துளையுள்ள பெட்டி சத்தம் அதிகம் தரும் என்பது உண்மை. ஆனால் அது பெரிதாக இருக்க வேண்டும், அந்தச் சப்வூஃபருக்கென்றே கணக்குப் போட்டுச் செய்திருக்கவும் வேண்டும். கணக்குப் பார்க்காத மலிவுப் பெட்டியில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே 'பூம்... பூம்...'தான் வரும். தவிலா டிரம்ஸா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூடிய பெட்டியில் அடி விழுந்ததும் சத்தம் நின்றுவிடும். மிகக் கீழே அதன் சத்தம் குறைவதைக் காரே பாதி ஈடுகட்டிவிடும்: கார் ஒரு சிறிய மூடிய அறை என்பதால் தாழ்ந்த அதிர்வெண்கள் உள்ளே தாமாகவே கூடுகின்றன. ஹேட்ச்பேக், எஸ்யூவியில் இது நன்றாகத் தெரியும். செடானில் பூட் தனியறை, அதனால் பின்சீட்டின் நடுவே கைவைக்கும் பகுதியைத் திறந்தால் பேஸ் உள்ளே வரும் கார்களில் வேலை சுலபம்.

10 அங்குலத்துக்குப் பெட்டியின் கொள்ளளவு பெரும்பாலும் 17 முதல் 28 லிட்டருக்குள் வரும். சப்வூஃபரின் தாளில் போட்டிருக்கும் அளவே இறுதி. பெட்டியை விரலால் தட்டிப் பாருங்கள், டொக்கென்று கெட்டியாகக் கேட்க வேண்டும்.

படி 3: வாட் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பணம் வீணாவது இங்கேதான். அட்டைப்பெட்டியில் '2000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் என்று சின்னதாக எழுதியிருக்கும் எண்தான் தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி. ஆம்ப்பில் சிடிஏ-2006 என்ற குறிப்பு இருந்தால் நல்லது. 14.4 வோல்ட்டில், 1 விழுக்காட்டுக்கு மேல் சிதைவில்லாமல் அளந்த எண் என்று அர்த்தம்.

எதுவுமே போடவில்லையா? ஆம்ப்பைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 30-ஐ 13.8 வோல்ட்டால் பெருக்க 414 வாட். கிளாஸ் டி வகை ஆம்ப் அதில் சுமார் 80 விழுக்காட்டைத்தான் ஒலியாக மாற்றும். ஆக 330 வாட்டுக்கு மேல் அது தரப் போவதில்லை, அட்டையில் எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் சரி. கடையில் நின்றுகொண்டே கைப்பேசியில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. போட்டுக் காட்டினால் விற்பனையாளரின் பேச்சும் கொஞ்சம் மாறும்.

இன்னொன்று. சக்தியை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படுவதற்குச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 250 வாட் ஆம்ப்பை விட்டு 350 வாட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை. அந்தக் காசை நல்ல வயருக்குப் போடுங்கள்.

பொதுவாக 200 முதல் 300 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி மோனோபிளாக், அதாவது ஒரே சேனல் ஆம்ப், போதும். சப்வூஃபரின் ஆர்எம்எஸ்ஸும் அதே அளவில் இருக்கட்டும்.

படி 4: ஓம் பொருத்தம்

ஓம் என்பது மின்தடையின் அளவு. சப்வூஃபரில் ஒரு காயில் (கம்பிச்சுருள்) இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். ஒற்றைக் காயில் 4 ஓம் என்றால் யோசிக்கவே வேண்டாம். இரட்டைக் காயில் 4 ஓம் என்றால் இணையாகக் கட்டினால் 2 ஓம், தொடராகக் கட்டினால் 8 ஓம். இரட்டைக் காயில் 2 ஓம் என்றால் 1 அல்லது 4. ஆம்ப் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால் 1 ஓம் கட்டாதீர்கள். சூடேறி அடிக்கடி தானாக அணைந்துவிடும், இல்லாவிட்டால் ஒரேயடியாகப் போய்விடும்.

காரோடு வந்த ரேடியோவையே வைத்திருப்பவர்கள் 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப்பாகக் கேட்டு வாங்குங்கள். பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளலாம், ரேடியோவை மாற்ற வேண்டியதில்லை.

படி 5: எங்கே வாங்குவது?

ஊபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கார்ப் பட்டறைகள் நிறைய. இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கூலி, வயர், பெட்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்க மறக்காதீர்கள். காருக்குள் உட்கார வைத்துக் காட்டுவார்கள். நீங்கள் நன்றாகப் பழகிய பாட்டையே போடச் சொல்லுங்கள், அவர்கள் டெமோ பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

பத்தாண்டில் காரை ஸ்கிராப் செய்கிற ஊர் என்பதால் பழைய பொருள் விற்கும் கரௌசல் தளத்தில் கழற்றிய சாமான் அடிக்கடி வரும். பழையது வாங்கத் தயங்க வேண்டியதில்லை, சோதித்து வாங்கினால் போதும். இரண்டு கைவிரல்களையும் கூம்பின் இருபுறமும் வைத்து மெல்ல, சமமாக அழுத்துங்கள். சரசரவென்று உரசும் சத்தம் கேட்டால் காயில் அடிபட்டிருக்கிறது, வேண்டாம். மல்ட்டிமீட்டரை வைத்தால் 4 ஓம் காயில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள ரப்பரையோ ஃபோமையோ நகத்தால் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நின்ற காரில் ஃபோம் உதிரும்.

ஜேபிக்கு (ஜொகூர் பாரு) போய் மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, கூலி குறைவுதான். ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்குப் பொருள் சேவை வரிச் சலுகை 100 வெள்ளி வரைதான். அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 9 விழுக்காடு வரி. ஏதாவது கோளாறு என்றால் மறுபடி பாலத்தில் வரிசை. சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 6: வயரும் ஃபியூஸும்

நீங்களே மாட்டாவிட்டாலும் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

300 வாட்டுக்கு 8 கேஜ் முழுத் தாமிர வயர் போதும் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). 'சிசிஏ' என்று எழுதியிருந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். அப்படியானால் 4 கேஜ் போடச் சொல்லுங்கள். பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது ஆம்ப்பைக் காக்க அல்ல. வயர் எங்காவது தகரத்தில் உரசிப் பிய்ந்தால் கார் தீப்பிடிக்காமல் இருக்க.

எர்த் வயர்தான் பலரும் அலட்சியம் செய்வது. பூட்டில் ஒரு போல்ட்டைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று தகரம் தெரிந்த பிறகே முனையை வைத்து இறுக்க வேண்டும். பெயின்டின் மேலேயே முறுக்கிவிட்டால் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு 'ஙீ' சத்தம் பாட்டோடு வரும். அதே சத்தத்தைத் தவிர்க்க, கரன்ட் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறுபக்கம் ஓடட்டும். ஆம்ப்பைக் கம்பளத்துக்குள் புதைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது மூச்சுவிட வேண்டும்.

படி 7: டியூனிங்

இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். கெயின் என்பது சத்தக் குமிழ் இல்லை. ரேடியோவின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் குமிழ்.

சப்வூஃபர் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாம் பூஜ்யம். கெயின் முழுக்கக் கீழே. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றைப் போட்டு ரேடியோவை முக்கால் சத்தத்தில் வையுங்கள். மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது? வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம். 250 வாட், 4 ஓம் என்றால் 1000-இன் வர்க்கமூலம், 31.6 வோல்ட். அதுதான் உச்சவரம்பு.

சப்வூஃபரை மாட்டிவிட்டு, லோ பாஸ் ஃபில்ட்டரை (தாழ்ந்த ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விடும் வடிப்பான்) 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். பேஸ் பூட்டிலிருந்து வருவதாகத் தெரிந்தால் 70-க்கு இறக்குங்கள். ஃபேஸ் பட்டனை 0, 180 என்று மாற்றிக் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக, முன்னாலிருந்து வருவதுபோல் இருக்கிறதோ அதில் விடுங்கள். அப்புறம் சப்வூஃபரின் சத்த அளவை ஒரு படி குறையுங்கள். முதல் நாள் எல்லாருக்குமே பேஸ் அதிகம்தான் பிடிக்கும்.

நம்பர் பிளேட் கடகடத்தால் அதன் பின்னால் ஃபோம் டேப் ஒட்டுங்கள், போதும்.

ஒரு வாரம் ஓட்டியபின், கொஞ்ச நேரம் சத்தமாகக் கேட்டுவிட்டு பானட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் உள்ளதைவிட அது சூடாக இருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. காரை அணைத்து, பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள்.