பங்குனி விடியலில் கேமராவோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் ஒரு கண்மாய். பங்குனி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் வற்றி நடுவில் குட்டையாகக் கிடக்க, கரையை ஒட்டிய செம்மண் சரளையில் விஷ்ணுகிரந்தி பூத்திருந்தது. சட்டைப் பித்தான் அளவுக்கு நீலப் பூ. மண்டியிட்டுக் குனிந்து, மூச்சை அடக்கி ஃபோகஸ் வைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்திக்கொண்டு சுற்றியது. வழக்கமாகக் கத்துவதுதானே என்று நான் நிமிரவே இல்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி, காலை எடுக்காத. கீழ முட்டை கெடக்கு பாரு."

ட்ரைபாடின் ஒரு காலுக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் நான்கு முட்டைகள் இருந்தன. கூடு என்று தனியாக எதுவும் இல்லை. தரையில் லேசாகக் கிண்டிய ஒரு பள்ளம், சுற்றிலும் கூழாங்கற்கள், கற்களின் நிறத்திலேயே கரும்புள்ளி போட்ட முட்டைகள். பெரியவர் சொன்ன பிறகும் எனக்குக் கண்டுபிடிக்கச் சில நொடி ஆயிற்று. இன்னொரு சாண் நகர்ந்திருந்தால் நான்கும் போயிருக்கும்.

ஆள்காட்டி தலைக்கு மேலே கத்துகிறது என்றால் அந்த இடத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் நூற்றுக்குத் தொண்ணூறு தரம் அப்படித்தான் இருக்கும். அப்போது எல்லோரும் செய்யும் தவறு, "எங்கே முட்டை?" என்று அங்கேயே சுற்றித் தேடுவது. தேடவே கூடாது. நின்ற இடத்தில் நின்று, காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பிப் போய்விட வேண்டும். பறவை விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கு வெயில். தாயும் தகப்பனும் மாறி மாறி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைக்கும் காலம் அது. நாம் அரை மணி நேரம் அங்கே நின்றால் அந்த வேலை நின்றுபோகும்.

அன்றைக்கு எடுத்த படங்களை வீட்டில் வந்து பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. அவசரத்தில் எல்லாமே அசைந்திருந்தன. அப்போதிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன்: எந்தத் தவறு படத்தைக் கெடுக்கிறதோ, பெரும்பாலும் அதே தவறுதான் உயிரையும் கெடுக்கிறது. சீக்கிரமாக, ரொம்பக் கிட்டப் போய்விடுவது.

சரி, காலத்திலிருந்து தொடங்குவோம். இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் படித்தோம். அதை நம்பி வைகாசியில் கிளம்பினால் நம் சமவெளியில் காய்ந்த புல்தான் மிஞ்சியிருக்கும். பூவும் கூடும் நிறைந்திருப்பது மாசிக் கடைசியிலிருந்து சித்திரைப் பாதி வரை. வேம்பும் புங்கமும் அப்போதுதான் பூக்கின்றன. முள்முருங்கை இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாக நிற்பதும், பனங்காடை வானத்தில் குட்டிக்கரணம் போட்டு இணையை அழைப்பதும் அந்தச் சமயத்தில்தான். குளிர்காலத்துக்கு வந்த மாங்குயிலும் ஆறுமணிக்குருவியும் வடக்கே திரும்பாமல் இன்னும் நம்மோடு இருக்கும். கொன்றை மட்டும் சித்திரையில் தனியாக வந்து மஞ்சளைக் கொட்டும்.

அடுத்தது நேரம். மதுரையில் மார்ச் நடுவில் சூரியன் 6.25ஐ ஒட்டி எழுகிறது. ஏப்ரல் நடுவில் அது 6.10க்கு வந்துவிடும். சென்னையில் இதைவிடப் பத்து நிமிடம் முன்னதாக. "ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்" என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. நம் ஊர்ச் சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாது, கிட்டத்தட்ட நேராக மேலே போகும். மணிக்குப் பதினைந்து டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஏழரைக்கெல்லாம் மென்மையான ஒளி முடிந்துவிடுகிறது. சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் மதுரையின் நேர் உச்சியிலேயே நிற்கும். அப்படியானால் நமக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி. விடிவதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும். ஆறுமணிக்குருவிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அது வாய் திறக்கும் நேரத்தில் நாம் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தால் எப்படி?

கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. ஏசி ஓடும் அறையில் கேமராவை வைத்துவிட்டு விடியலில் நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும், கால் மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். முந்தின இரவே பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். பேட்டரி, கார்டு எல்லாம் உங்களுக்கே தெரியும்.

கேமரா அமைப்பில் மூன்று விஷயம். விடியல் ஒளியில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்கிறார்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிறகு சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டரை 1/500 நொடி, பறப்பதற்கு 1/1600க்கு மேல் வையுங்கள், ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் பரவாயில்லை. இரண்டாவது, படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அந்தப் பொன்னிறத்தைக் கேமரா 'திருத்தி' வெள்ளையாக்கிவிடும். வெயில் குறி போட்ட அமைப்பில் வைத்தால் கண் பார்த்தது படத்தில் வரும். மூன்றாவது வெள்ளை நிறம். கொக்கும் தும்பைப் பூவும் கறுத்த பின்னணியில் இருந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இதழும் இறகும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள். கைபேசியில் எடுக்கிறவர்கள் இரண்டு விரலால் பெரிதாக்குவதை விட்டுவிடுங்கள். பறவை சிறிதாக இருந்தாலும் இருக்கும் இடத்தோடு சேர்த்து எடுத்தால் படம் நன்றாகவே வரும்.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை நடை என்று பெயர் வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்துவிடுகிறார்கள். நடக்கிறவனைப் பார்த்து எல்லாமே ஒதுங்கிப் போகும். பூத்த மரம் ஒன்றைப் பாருங்கள், முள்முருங்கை கிடைத்தால் ரொம்ப விசேஷம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் தேன்சிட்டு வரும், மைனா வரும், கரிச்சான் வரும், அணில் எல்லோரையும் விரட்டப் பார்க்கும். நீங்கள் அந்த இடத்துப் பொருளாகிவிட்டீர்கள் என்று அவை முடிவு செய்த பிறகு நடப்பதெல்லாம் இயல்பான நடத்தை, அந்தப் படம்தான் படம். வெள்ளைச் சட்டையும் பளீர் நிறங்களும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பஞ்சுருட்டானைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தும்பி பிடிக்கும் அந்தப் பச்சைக் குருவி, மண் சரிவிலும் சில சமயம் வெறும் தரையிலும் துளை போட்டு முட்டையிடுகிறது. வாயில் பூச்சியோடு அது துளைக்குள் நுழையும் காட்சிக்காகத் துளைக்கு எதிரே ட்ரைபாடை நட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள் பலர். உயிரியலாளர் மிலிந்த் வாட்வேயும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். துளை தெரியும் இடத்தில் ஆள் நின்றபோது பஞ்சுருட்டான் உள்ளே போகத் தயங்கியது. அதே தூரத்தில், ஆனால் துளை தெரியாத இடத்தில் நின்றபோது அவ்வளவு தயங்கவில்லை. ஆள் இருப்பதை மட்டும் அது பார்க்கவில்லை, அந்த ஆளுக்குத் துளை தெரியுமா என்பதையும் கணக்கில் எடுக்கிறது! இது தெரிந்த பிறகு துளைக்கு எதிரே உட்கார எனக்குக் கால் வரவில்லை. கம்பியில் வந்து அமர்ந்து, பிடித்த பூச்சியை அடித்துக் கொல்லும் இடம் ஒன்று அதற்கு இருக்கும். அதைக் கண்டுபிடித்து அங்கே எடுங்கள். குஞ்சுக்கும் இரை போகும், உங்களுக்கும் நல்ல படம் கிடைக்கும்.

கூட்டு விஷயத்தில் இன்னொரு தவறு, மறைக்கும் இலையையும் கொப்பையும் விலக்கிவிட்டு எடுப்பது. தேன்சிட்டும் தையல்சிட்டும் அந்த ஒரு இலையை நம்பித்தான் கூடு கட்டியிருக்கின்றன. அதை ஒதுக்கினால் வெயிலுக்கும் காகத்துக்கும் வழி திறந்துவிட்டோம் என்று அர்த்தம். பாறை மலைகளில் கூடு வைக்கும் லகுடு, பைரி போன்ற வல்லூறுகளுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் அவற்றைப் பார்க்கலாம். கூட்டுக்கு நேர்மட்டத்தில் எடுக்க வேண்டும் என்று பாறையில் ஏறாதீர்கள். கீழே வயல் வரப்பில் நின்று, அது வட்டமிடும்போது எடுங்கள். அதிகாலை இருட்டில் தேவாங்கு கண்ணில் பட்டால் ஃப்ளாஷ் அடிக்கவே கூடாது. இருட்டுக்கென்றே படைக்கப்பட்ட கண் அது.

கைபேசியில் பறவைக் குரலை ஓட்டி வரவழைப்பதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவைக்கு அந்தக் குரல் எதிரியின் குரல். இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு சண்டைக்கு வருகிறது. கிடைக்கும் படத்தில் அதன் பதற்றம்தான் தெரியும்.

பூக்கள் ஓடாது என்பதால் அங்கே தவறுகள் வேறு மாதிரி. நின்றபடி மேலிருந்து எடுத்தால் பூவும் தரையும் ஒன்றாக ஒட்டிப்போகும். பூவின் உயரத்துக்கு இறங்க வேண்டும். இறங்கும் முன் ஒரு குச்சியால் புல்லைத் தட்டிப் பாருங்கள், விரியன்கள் இருக்கும் நிலம் இது. முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய சாக்கை விரித்துக்கொண்டால் நெருஞ்சி முள் குத்தாது. விஷ்ணுகிரந்தி மாதிரிப் பூக்கள் காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும், ஆகவே முதலில் அவற்றை எடுத்துவிட்டு எருக்குக்கும் ஆவாரைக்கும் பிறகு வாருங்கள். காற்றும் எட்டு மணிக்கு மேல் கிளம்பிவிடும். அதற்குள் வெயில் கடுமையாகிவிட்டால் பழைய வேட்டித் துணி ஒரு முழம் போதும், பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடித்தால் நிழலின் கூர்மை போய்விடும். நான் வாங்கிய எந்தச் சாதனமும் அந்தத் துணி அளவுக்கு உதவவில்லை.

பின்னணியைச் சுத்தமாக்கப் பக்கத்துச் செடியைப் பிடுங்குகிறார்கள். அது இன்னொரு பூவாக இருந்திருக்கும், அல்லது ஒரு புழுவுக்குச் சோறாக. புல்லை ஒரு கையால் மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டு விட்டுவிடலாம். பனித்துளி வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம், பூவுக்குள் இருக்கும் சின்னத் தேனீ நனைந்தால் வெகுநேரம் பறக்காது.

மலைக்காடு என்றால் விதியே வேறு. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம். அதைவிட முக்கியம், பூ பூக்கும் இந்த மாதங்கள்தான் காட்டுத்தீயின் மாதங்களும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். பாதை மூடியிருக்கிறது என்று சொன்னால் மூடியிருக்கிறது, சுற்று வழி கேட்காதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் விடியற்காலையில் தனியாக நடப்பதற்கு எந்தப் படமும் ஈடில்லை. பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறிவிடுவதும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தவறு. படத்தை எல்லோருக்கும் அனுப்பும்போது இடத்தையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். கைபேசி தானாகவே இடக்குறிப்பைப் படத்துக்குள் எழுதி வைக்கும், அமைப்பில் போய் அதை நிறுத்த வேண்டும். ஒரு ஆந்தைப் பொந்து எங்கே இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் அடுத்த ஞாயிறு நாற்பது பேர் அங்கே நிற்பார்கள். மாவட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், போதும். கூடு இருக்கும் காலத்தில் அதற்கு மேல் வேண்டாம். அந்தக் கண்மாயின் பெயரை நான் முதலில் எழுதாமல் விட்டதும் அதனால்தான்.