சின்ன டிவியை மானிட்டராக வைத்து வேலை பார்ப்பது எப்படி

மலிவான 24 இன்ச், 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை ‘ஹெச்டி ரெடி’ ரகம். அட்டைப்பெட்டியில் ‘1080பி சப்போர்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 1080பி, அதாவது 1920×1080 பிக்சல் சிக்னல் வந்தால் வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் பேனலில் 1366×768 பிக்சல்தான். வந்த சிக்னலை அதற்குள் சுருக்கித்தான் காட்டும். சினிமா பார்க்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது. எக்செல்லைத் திறந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண் பேனல் ரெசொலூஷன் ஒன்றுதான். 24 இன்ச்சில் 1366×768 என்றால் ஓர் இன்ச்சுக்கு ஏறக்குறைய 65 பிக்சல். அதே பேனல் 32 இன்ச்சில் 49 பிக்சலாக இறங்கிவிடும். 24 இன்ச் ஃபுல் ஹெச்டி (1920×1080) மானிட்டரில் இது 92. ஆங்கில எழுத்தை 49-இலும் சமாளித்துவிடலாம். தமிழ் எழுத்துக்கு அது போதாது: ‘ண’வின் சுழி எத்தனை, ‘ழ’வா ‘மு’வா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். பிரவுசரில் 125 சதவீதம் பெரிதாக்கினால் படிக்கலாம், ஆனால் ஏற்கெனவே குறைவான 768 வரி உயரத்தில் தெரிவதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

பிக்சல் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய தூரத்தையும் கணக்கிடலாம். 32 இன்ச் ஹெச்டி ரெடிக்கு சுமார் 1.8 மீட்டர், 24 இன்ச் ஹெச்டி ரெடிக்கு 1.3 மீட்டர், 32 இன்ச் ஃபுல் ஹெச்டிக்கும் கிட்டத்தட்ட அதே 1.3 மீட்டர். மேசைமுன் உட்காருபவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே இருப்பது 60, 70 சென்டிமீட்டர்தான். எனவே மேசைக்கு 24 இன்ச். 32 வேண்டுமென்றால் கட்டாயம் ஃபுல் ஹெச்டி. 32 இன்ச் ஹெச்டி ரெடியைக் கட்டிலில் இருந்து பார்க்க வைத்துக்கொள்ளலாம், புரோகிராம் எழுதவோ கணக்கு பார்க்கவோ வாங்க வேண்டாம். நாள் முழுக்க எழுத்து வேலைதான் என்றால் மானிட்டரே சரி. ஒரே அறையில் பகலில் வேலை, இரவில் செட்-டாப் பாக்ஸ் என்று இருப்பவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு லாபம்.

கடையிலேயே சோதிக்க லேப்டாப்பும் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளும் போதும். பெயின்டில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று நெருக்கமாகக் கோடுகள் போட்ட படம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதை 100 சதவீத அளவில் காட்டும்போது கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் கணினி அனுப்பும் பிக்சல் அப்படியே பேனலுக்குப் போகிறது. சாம்பல் பட்டைகளாகவோ அலை அலையாகவோ தெரிந்தால் நடுவில் டிவி எதையோ சுருக்குகிறது அல்லது இழுக்கிறது. பக்கவாட்டில் சற்று நகர்ந்தும் பாருங்கள். விஏ என்ற ரக எல்சிடி பேனலாக இருந்தால் ஓரங்கள் வெளிறும். அருகில் உட்காரும்போது திரையின் மூலைகளிலும் அதே வெளிறல் இருக்கும்.

கேபிள் செருகும் முன் எர்த்

நம் வீடுகளில் ஹெச்டிஎம்ஐ போர்ட் எரிந்துபோக ஒரு முக்கியக் காரணம் எர்த் இல்லாத பிளக் பாயின்ட். டெஸ்க்டாப்புக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் இரண்டு லைன்களில் இருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் கம்பி வெறுமனே தொங்கினால் கேபினட் உடம்பில் மின்சாரத்தின் பாதி வோல்டேஜ், அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். தொட்டால் சுருக்கென்று இருப்பது அதனால்தான். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை, ஆனால் கேபிள் செருகும் நொடியில் அது போர்ட்டின் பின் வழியே பாய்ந்தால் உள்ளே இருக்கும் சிப் தாங்காது. டிவியில் கேபிள்காரர் கொடுத்த கோஆக்சியல் வயரும் சேர்ந்திருந்தால் வேறு வீடுகளின் கசிவும் அதன் வழியே வரலாம்.

செய்ய வேண்டியது இது: கணினி, டிவி இரண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். டெஸ்டரை கேபினட்டின் ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் எலக்ட்ரீஷியனை முதலில் கூப்பிடுங்கள், டிவி பிறகு. ஹெச்டிஎம்ஐ செருகும்போதும் கழற்றும்போதும் இரண்டின் சுவிட்சையும் அணைத்து, கோஆக்சியல் வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

கேபிளைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. 1080பிக்கு 1.5 மீட்டர் சாதாரண கேபிள் போதும். தங்க முலாம் பூசியதற்கு அதிகக் காசு கொடுக்காதீர்கள். விஜிஏ மட்டும் உள்ள பழைய கணினிக்கு வெறும் கனெக்டர் மாற்றி உதவாது, விஜிஏவை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். அதற்கு யூஎஸ்பி வழியே மின்சாரமும், ஒலிக்குத் தனியாக 3.5 மில்லிமீட்டர் கேபிளும் தேவை. லேப்டாப்பின் டைப்-சி துளையில் இருந்து எடுப்பதென்றால் அந்தத் துளை டிஸ்ப்ளேபோர்ட்டைத் தருகிறதா என்று மாடல் விவரத்தில் பாருங்கள். எல்லா டைப்-சியும் படம் தராது.

டிவியைச் சும்மா இருக்க வைப்பது

டிவிக்குள் இருக்கும் சிப் எதைக் கொடுத்தாலும் அழகுபடுத்தப் பார்க்கும். ஓரத்தை வெட்டும், விளிம்புகளைக் கூர்மையாக்கும், நிறத்தைக் கூட்டும். எழுத்துக்கு இவை எல்லாமே கேடு. ஒவ்வொன்றாக அணைப்பதுதான் முழு வேலையும்.

முதலில் இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றுங்கள். சாம்சங், எல்ஜி டிவிகள் பலவற்றில் சோர்ஸ் பட்டியலில் அந்த ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்து பெயரையோ ஐகானையோ மாற்ற வழி இருக்கும். இது வெறும் பெயர்ப்பலகை மாற்றமல்ல. பெயர் மாறியதும் டிவி தன் அலங்காரங்களில் பாதியைத் தானே நிறுத்திவிடும், நிறத் தகவலையும் முழுமையாக வைத்துக்கொள்ளும். மற்ற நேரங்களில் பல டிவிகள் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் அல்லது இரண்டுக்கு ஒன்று என்று மிச்சம் பிடிக்கும். வெள்ளைமேல் கறுப்பு எழுத்து நன்றாக இருந்து, நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கலாகத் தெரிந்தால் கோளாறு இதுதான். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டிவிகளில் இந்த வசதி இல்லாமலும் போகலாம்; அங்கே ‘கேம்’ மோடு அடுத்த நல்ல வழி. அது நிறத்தைச் சரிசெய்யாவிட்டாலும், மவுஸ் ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு வருவதைக் குறைக்கும்.

அடுத்து ஓவர்ஸ்கேன். டாஸ்க்பாரின் பாதி கீழே மறைந்துவிட்டதா? குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் சரியாக விழாது என்பதால் சில சதவீதத்தைப் பெரிதாக்கி வெளியே தள்ளிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை எல்சிடி டிவிகளும் விடவில்லை. படத்தின் அளவு மெனுவில் எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’, வேறு சிலவற்றில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘டாட் பை டாட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘16:9’ என்பது சரியான விடை போலத் தோன்றும், பெரும்பாலும் வெட்டுவது அதுதான். கிராஃபிக்ஸ் டிரைவரில் படத்தைச் சுருக்கி உள்ளே கொண்டுவரவும் வழி உண்டு. செய்யாதீர்கள், கணினி ஒருமுறை சுருக்கி டிவி ஒருமுறை பெரிதாக்கி எழுத்து இரட்டிப்பாக மங்கும். ஏஎம்டி கிராஃபிக்ஸில் இதற்கு நேர்மாறாக நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை வரலாம். டிரைவரில் ஹெச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்ற பட்டையை 0 சதவீதத்துக்கு இழுத்தால் போய்விடும்.

மூன்றாவது, கணினி அனுப்பும் ரெசொலூஷன். ஃபுல் ஹெச்டி பேனல் என்றால் 1920×1080, 60 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான். ஹெச்டி ரெடியில்தான் சிக்கல். டிவி தன்னை 720பி என்றோ 1080பி என்றோ அறிமுகப்படுத்திக்கொள்ளும், விண்டோஸும் 1080பியைத் தேர்ந்துவிடும், எழுத்து நசுங்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் அடாப்டர் ப்ராபர்ட்டீஸைத் திறந்து, ‘லிஸ்ட் ஆல் மோட்ஸ்’ பட்டியலில் 1366×768 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 1360×768 இருக்கலாம். டிவி தன் அளவுகளைச் சொல்லி அனுப்பும் தகவலின் ஒரு பகுதியில் அகலம் 8-ஆல் வகுபட வேண்டும் என்பது விதி. 1366 வகுபடாது, 1360 வகுபடும். இரண்டு பக்கமும் மும்மூன்று பிக்சல் போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டுமே இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவரின் கஸ்டம் ரெசொலூஷனில் 1366×768 கொடுத்துப் பாருங்கள். டிவி ஏற்காவிட்டால் திரை கறுத்து, சில நொடிகளில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே பட்டியலில் ‘1080i’, அதாவது ‘இன்டர்லேஸ்டு’ என்று எழுதியது தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய கிடைக்கோடுகள் துடிப்பதற்கு அது காரணம்.

பிறகு டிவியின் பட மெனுவில் ஷார்ப்னெஸ். பல டிவிகளில் 0 தான் ‘எதுவும் செய்யாதே’ என்ற நிலை. சோனியில் அது 50. எண்ணை நம்ப வேண்டாம், கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் மறையும் வரை குறையுங்கள், அதற்குக் கீழே போனால் மங்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், எனர்ஜி சேவிங் எல்லாவற்றையும் அணையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட் அணையாமல் இருந்தால் வெள்ளைப் பக்கத்தில் இருந்து கறுப்பு விண்டோவுக்கு மாறும்போதெல்லாம் திரை மூச்சு விடும்.

கறுப்பு சாம்பலாக வெளிறினாலோ, இருண்ட பகுதிகள் ஒரேயடியாகக் கறுத்துப்போனாலோ வண்ண வரம்பு பொருந்தவில்லை. கணினி 0 முதல் 255 வரை பேசும். டிவி மரபு 16 முதல் 235. இரண்டு பக்கமும் ஒன்றையே பேச வேண்டும். டிரைவரில் ‘ஃபுல்’ கொடுத்துவிட்டு, டிவியில் ‘பிளாக் லெவல்’ அல்லது ‘ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ என்பதை இரண்டு நிலைக்கும் மாற்றிப் பார்த்து, ஒரு சோதனைப் படத்தில் அடர் சாம்பல் கட்டங்கள் தனித்தனியாகத் தெரியும் நிலையை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பு, நீலக் கறை இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் ‘கிளியர்டைப்’ என்று தேடி அந்தக் கருவியை ஓட்டுங்கள். சில டிவி பேனல்களில் பிக்சலுக்குள் நிறங்களின் வரிசை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக இருக்கும். அந்தக் கருவி காட்டும் மாதிரிகளில் எது தெளிவோ அதைச் சொன்னால் போதும்.

கண்ணுக்கு

கடையில் பளிச்சென்று தெரிய டிவியை ‘விவிட்’ மோடில் வைத்திருப்பார்கள். மூன்று மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்கான வெளிச்சம் அது. அறுபது சென்டிமீட்டரில் கண் எரியும். ‘பேக்லைட்’டை 20 முதல் 40 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ ஆக்குங்கள். ‘பிரைட்னெஸ்’ஸைத் தொடாதீர்கள்: பேக்லைட் தனியாக உள்ள டிவிகளில் அது விளக்கின் அளவல்ல, கறுப்பின் அளவு. பேக்லைட்டைக் குறைத்ததும் தலைவலி வந்தால் செல்போன் கேமராவைத் திரைமுன் பிடித்துப் பாருங்கள். பட்டைகள் ஓடினால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். பேக்லைட்டைச் சற்று ஏற்றிவிட்டு கான்ட்ராஸ்ட்டைக் குறைப்பது மேல்.

உயரத்தை ஏற்ற இறக்க டிவியின் கால்களில் வழியில்லை. 32 இன்ச்சில் அகலம் 70 சென்டிமீட்டரைத் தாண்டும், கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், மேசை அதைத் தாங்க வேண்டும். பின்புறத் துளைகளை அளந்துவிட்டு மானிட்டர் ஆர்ம் வாங்குங்கள்: ஆர்ம்களில் வழக்கமானது 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர், 32 இன்ச் டிவி சிலவற்றில் 200×100 வரும், அதற்கு இணைப்புத் தகடு தேவைப்படும்.

தினசரித் தொல்லைகள்

கணினி தூங்கப் போனதும் மானிட்டர் தானாக அணையும், கணினி விழித்தால் விழிக்கும். டிவி அப்படியல்ல. ‘நோ சிக்னல்’ என்று கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அணையும், பிறகு ரிமோட்டை எடுக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ வழியே ஒரு கருவி இன்னொன்றை ஆன், ஆஃப் செய்ய உதவும் சிஇசி என்ற வசதி டிவியில் இருந்தாலும் சாதாரண கிராஃபிக்ஸ் கார்டுகள் அதைப் பேசுவதில்லை. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி பேசும். ரிமோட்டைத் தொடாமல் சில மணி நேரம் போனால் வேலைக்கு நடுவே தானே அணையும் டிவிகளும் உண்டு, மெனுவில் ‘ஆட்டோ பவர் ஆஃப்’ என்பதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு டிவி என்றால் ஆன் செய்ததும் விளம்பரப் பக்கத்துக்குப் போகாமல் நேராக ஹெச்டிஎம்ஐக்கு வர, ‘பூட் சோர்ஸ்’ போன்ற ஒரு அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வேலைக்கு ஸ்மார்ட் இல்லாத டிவியே நிம்மதி.

யூபிஎஸ்ஸில் கணினியை மட்டும் போட்டுவிட்டு டிவியைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். கரண்ட் போனதும் கணினி ஓடும், ஃபைலை சேவ் செய்யத் திரை இருக்காது. இரண்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் அரசு கொடுத்த லேப்டாப்களில் திரை உடைந்து மூலையில் கிடப்பவை எத்தனையோ. மதர்போர்டு நன்றாக இருந்தால் இந்த டிவிக்கு அதுவே கணினி. டிவியை முதலில் ஆன் செய்து, பிறகு லேப்டாப்பை. விண்டோஸ் பட்டனுடன் ‘பி’யை அழுத்தி, டவுன் ஆரோவை இரண்டு மூன்று முறை தட்டி என்டர் கொடுத்தால் படம் டிவிக்கு வரும், ‘செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி’ கிடைக்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ‘டூ நத்திங்’ என்று வைத்துவிட்டு யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் போடுங்கள். மூடி மூடியிருந்தால் கீபோர்டு வழியே வெப்பம் வெளியேறாது என்பதால், அடியில் இரண்டு ரப்பர் கட்டைகள் வைத்துத் தூக்கியே வையுங்கள்.