200 ஜிபியா 2 டிபியா: கிளவுட் ஸ்டோரேஜுக்குப் பணம் கட்டும் முன் போடவேண்டிய கணக்கு

ஜிமெயிலில் "இடம் நிரம்பிவிட்டது" என்று எச்சரிக்கை வந்ததும் நம்மில் பலர் யோசிக்காமல் பக்கத்திலேயே இருக்கும் பட்டனைத் தட்டி கூகுளின் 130 ரூபாய் கிளவுட் ஸ்டோரேஜ் (நம் ஃபைல்களை நெட்டில் சேமித்துவைக்கும் இடம்) திட்டத்தை எடுத்துவிடுகிறோம். தொகை சின்னதுதான். ஆனால் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும், போட்டோ சேரச் சேர நிறுத்துவதும் கஷ்டமாகிக்கொண்டே போகும். அதனால் முதல் மாதம் கட்டும் முன்பே கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுங்கள்.

விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் நீங்கள் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். கூகுள் ஒன் (கூகுளின் ஸ்டோரேஜ் சந்தா) ஆப்பைத் திறந்தால் போட்டோஸ், டிரைவ், ஜிமெயில், போன் பேக்கப் ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். ஐபோனில் செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயரைத் தட்டி ஆப்பிளின் ஸ்டோரேஜான ஐகிளவுடுக்குள் போனால் இதே விவரம் கிடைக்கும். பெரும்பாலும் வீடியோதான் குற்றவாளி. ஐபோனில் 4கே, 60 பிரேமில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ சுமார் 400 எம்பி. 1080பி, 30 பிரேமில் அதே ஒரு நிமிடம் 60 எம்பிதான். கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் 4கே-யில் பிடித்தால் 24 ஜிபி காலி. டிவியில் போட்டுப் பார்க்கப்போவதில்லை, வாட்ஸ்அப்பில்தான் அனுப்பப்போகிறோம் என்றால் கேமரா செட்டிங்கை மாற்றுவதே முதல் சேமிப்பு, அதற்குக் காசும் கிடையாது. கூகுள் போட்டோஸில் ஸ்டோரேஜ் சேவர் என்ற தரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் போட்டோவை 16 மெகாபிக்சலுக்கும் வீடியோவை 1080பி-க்கும் சுருக்கித்தான் ஏற்றும், வீட்டு ஆல்பத்துக்கு அது தாராளம்.

இலவச அளவுகள் இவை: மெகா 20 ஜிபி, கூகுள் 15, பிகிளவுட் 10 வரை, ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவும் தலா 5, டிராப்பாக்ஸ் வெறும் 2. இதில் கூகுளின் 15 பெரிதாகத் தெரியும், ஆனால் அது மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-க்கு முன்பு சுருக்கி ஏற்றிய போட்டோக்கள் கணக்கில் வராது, அதற்குப் பிறகு ஏற்றியவை வரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15-க்குள்தான். ஆகவே குடும்ப குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோக்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் இடம் ஒதுக்குகிறீர்கள், வாட்ஸ்அப் பேக்கப் செட்டிங்கில் வீடியோ வேண்டாம் என்று எடுத்துவிடலாம்.

சரி, விலைக்கு வருவோம். இந்தியாவில் கூகுள் ஒன் 100 ஜிபி மாதம் 130 ரூபாய், 200 ஜிபி 210, 2 டிபி (சுமார் 2000 ஜிபி) 650. ஐகிளவுடில் 50 ஜிபி 75, 200 ஜிபி 219, 2 டிபி 749. கூகுளில் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1300, 2100, 6500, அதாவது இரண்டு மாதம் இலவசம். ஆப்பிளில் வருடத் திட்டமே கிடையாது. இந்த விலைகள் அவ்வப்போது மாறும், கட்டுவதற்கு முன் ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எல்லோரும் ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள். 100 ஜிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் கூகுளில் சின்னத் திட்டம் 130, அடுத்தது 105, 2 டிபியில் வெறும் 32 ரூபாய் சொச்சம். ஆஹா, பெரியதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் உங்களிடம் இருப்பது 260 ஜிபிதான் என்றால் மாதம் 650 கட்டுகிறீர்கள், உண்மையில் 100 ஜிபிக்கு 250 ரூபாய், மீதி இடம் காலியாகக் கிடக்கிறது. 200-க்கும் 2 டிபிக்கும் நடுவில் படியே வைக்கவில்லை பாருங்கள், இரண்டு கம்பெனியுமே அப்படித்தான். அதனால் 200-ஐத் தாண்டப்போகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெரிய வீடியோக்களை ஹார்ட் டிஸ்கில் இறக்கி 180-க்குக் கொண்டுவந்தாலே மாதம் 440 ரூபாய் மிச்சம். அழித்தது உடனே போய்விடாது, கூகுள் போட்டோஸில் 60 நாள் வரையும் டிரைவில் 30 நாளும் டிராஷில் கிடக்கும், டிராஷையும் காலி செய்யுங்கள்.

அப்படி முடியவில்லை என்றால் குடும்பமாகச் சேருங்கள். கூகுள் ஒன்னிலும் ஐகிளவுடிலும் வாங்கியவரோடு இன்னும் 5 பேர் அதே இடத்தைப் பகிரலாம், ஒருவர் போட்டோ இன்னொருவருக்குத் தெரியாது. கூகுளில் ஒவ்வொருவரின் சொந்த 15 ஜிபி முதலில் நிரம்பும், அதற்குப் பிறகுதான் பொது இடத்தைத் தொடும். நான்கு பேர் தனித்தனியாக 100 ஜிபி எடுத்தால் 520 ரூபாய், 2 டிபியே 650-தான், அப்போது பெரிய திட்டம் நியாயமாகிறது. இரண்டு சிக்கல்: கூகுள் குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும், மகள் சிங்கப்பூரிலோ மகன் துபாயிலோ இருந்தால் சேர்க்க முடியாது. இன்னொன்று, ஒரு குழுவை விட்டு வேறொன்றுக்கு 12 மாதத்தில் ஒருமுறைதான் மாறலாம்.

மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி வேறு ரகம். அதில் பொது இடம் என்று கிடையாது, 6 பேருக்கும் தலா 1 டிபி தனித்தனியாக. ஒரு பையன் கேம் வீடியோவாக ஏற்றித் தள்ளினாலும் அம்மாவின் இடம் குறையாது. வேர்ட், எக்செலுக்கு ஏற்கெனவே வருடச் சந்தா கட்டும் வீடுகளில் இந்த இடம் சும்மா கிடக்கிறது, முதலில் அதைத்தான் தேடவேண்டும். லேப்டாப்போடு ஒருமுறை விலையாக வந்த ஆபீஸில் இந்த 1 டிபி கிடையாது, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிராப்பாக்ஸில் ஒரு விஷயம் கவனியுங்கள். நண்பர் பகிர்ந்த ஃபோல்டரில் நீங்கள் சேர்ந்தால் அது உங்கள் அளவிலும் கழியும். கூகுளிலும் ஒன்டிரைவிலும் உரிமையாளர் கணக்கில் மட்டும்தான். 2 ஜிபி இலவசக் கணக்கு வைத்துக்கொண்டு ஆபீஸ் ஃபோல்டரில் சேர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஃபைல் அளவு வரம்பு வீட்டுப் பயனாளிக்குப் பெரிதாக இடிக்காது: ஐகிளவுட் ஒரு ஃபைலுக்கு 50 ஜிபி, ஒன்டிரைவ் 250. எடிட்டிங் வேலை செய்பவர்கள் மட்டும் ஐகிளவுடில் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நமக்கு இடிக்கும் வரம்பு வேறு, தினம் 2 ஜிபி டேட்டா பேக்கில் 100 ஜிபி ஏற்ற 50 நாள் ஆகும், வேறு எதையும் பார்க்காமல் இருந்தால்.

மொபைல் கம்பெனிகள் தரும் இலவசத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2025 மே மாதம் ஏர்டெல் போஸ்ட்பெய்ட், வைஃபை வாடிக்கையாளர்களுக்கு 6 மாதம் 100 ஜிபி கூகுள் ஒன் தந்தது, அதற்குப் பிறகு மாதம் 125 ரூபாய் பில்லில் ஏறும் என்ற நிபந்தனையோடு. இப்படி எதை எடுத்தாலும் முடியும் தேதியை அன்றைக்கே காலண்டரில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள், யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் அதை எங்கே ரத்து செய்வது என்றும் பார்த்து வையுங்கள்.

கட்டுவதை நிறுத்தினால் உடனே எதுவும் அழிந்துவிடாது. கூகுளில் அளவைத் தாண்டிய நிலையில் முதலில் புது போட்டோ ஏறாது, ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுவிடும், 2 வருடம் அப்படியே விட்டால் அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் வெளியேறும் முன் கூகுள் டேக்அவுட்டில் (நம் ஃபைல்களை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி) மொத்தத்தையும் கேட்டு வாங்குங்கள், அது துண்டு துண்டாகத்தான் தரும். துண்டின் அளவை 50 ஜிபி என்று வைக்காமல் 10 என்று வைத்தால், பாதியில் நெட் போனாலும் ஒரு துண்டைத்தான் மறுபடி இறக்கவேண்டியிருக்கும். தயாரானதும் வரும் லிங்க் சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், ஆகவே பிராட்பேண்டும் காலி ஹார்ட் டிஸ்கும் கையில் இருக்கும் வாரமாகப் பார்த்துக் கேளுங்கள்.