ரகசியக் கூட்டமும் இரு ஆண்களின் காதலும்: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலைக்கும் அஞ்சாத ஒரு ரகசியக் கூட்டம். அதற்குள் ஒருவரையொருவர் நேசிக்கும் இரண்டு ஆண்கள். இந்த வகை நாவல்களைப் பல ஆண்டுகளாக விரும்பி வாசித்து வருகிறேன். தமிழிலும் இப்போது இவற்றைத் தொடராக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் வெளியிடுவதற்கு முன் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். மொழி நன்றாக இருக்கிறது, உணர்ச்சிக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஐந்தாறு அத்தியாயங்களுக்குள் கதை கையை விட்டு நழுவிவிடுகிறது. கோளாறு காதல் காட்சிகளில் இருப்பதாக எழுதியவர் நினைப்பார். எனக்கோ பெரும்பாலும் அந்தக் கூட்டத்தை எழுதிய விதத்தில்தான் அது தென்படுகிறது. கூட்டம் எதைத் தடுக்கிறது என்று தெரிந்தால்தான் காதல் எதை மீறுகிறது என்று வாசகருக்குத் தெரியும்.

ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். அடிக்கடி பார்க்கும் தவறு, அமைப்பின் தலைவனுக்கு எல்லையே இல்லாத வலிமையைக் கொடுத்துவிடுவது. ஒரு தொலைபேசி அழைப்பில் அவன் காவல் அதிகாரியை மாற்றுகிறான், தனி விமானத்தை வரவழைக்கிறான், எதிரியை இல்லாமல் ஆக்குகிறான். அவனைத் தட்டிக் கேட்க ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவன் இன்னொரு ஆணைக் காதலித்தால் அதில் என்ன ஆபத்து இருக்கிறது? ஊரறியச் சொல்லிவிட்டு நிம்மதியாக வாழலாமே. உண்மையான அமைப்புகள் வெளியாட்களை மிரட்டுவதற்கு முன்பே தம்முடைய ஆட்களைக் கட்டிப்போட்டுவிடுகின்றன.

இத்தாலியில், சிசிலித் தீவின் மாஃபியா அமைப்பான கோசா நோஸ்ட்ராவை எடுத்துக்கொள்வோம். 2007 நவம்பர் 5 அன்று பலேர்மோவுக்கு அருகே சல்வத்தோரே லோ பிக்கோலோ என்ற தலைவர் பிடிபட்டபோது, அவருடைய மறைவிடத்தில் பத்துக் கட்டளைகள் கொண்ட தாள் ஒன்று கிடைத்தது. உறுப்பினர்கள் இருவர் தாமாக அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது. இருவரையும் அறிந்த மூன்றாம் ஆள்தான் அறிமுகம் செய்ய வேண்டும். நண்பர்களின் மனைவியரை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. போலீசாருடன் காணப்படக் கூடாது. மதுக்கடைகளுக்கும் கேளிக்கை விடுதிகளுக்கும் போகக் கூடாது. அமைப்பு அழைத்தால் எந்த நேரமும் புறப்பட வேண்டும், மனைவி பிரசவிக்கும் தறுவாயில் இருந்தாலும்கூட.

கதை எழுதுகிறவருக்கு இந்த ஒரு தாளே புதையல். இரகசியமாக இரண்டு ஆண்டுகள் பழகிய இருவரை, ஒரு திருமண விருந்தில் மூன்றாம் ஆள் முறைப்படி அறிமுகம் செய்துவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் முதன்முறை பார்ப்பதுபோல் கைகுலுக்க வேண்டும். அதில் ஒருவனுடைய உள்ளங்கைத் தழும்பு மற்றவனுக்கு மனப்பாடம். இங்கே துப்பாக்கியும் தேவையில்லை, வசனமும் தேவையில்லை. அல்லது, மாதத்தில் ஒருநாள் கிடைக்கும் இரவில் அழைப்பு வருகிறது. ஒருவன் எழுந்து போகிறான். மற்றவன் சோற்றை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். விதியை முதலில் எழுதிவிட்டால் இத்தகைய காட்சிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ரகசியம் என்ற சொல்லையும் பலர் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். எல்லா அமைப்பும் ஒரே மாதிரி மறைந்திருப்பதில்லை. ஜப்பானின் யாக்குசா எனப்படும் குற்றக் குழுக்கள் நெடுங்காலம் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகங்களில் இயங்கின. 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வன்முறைக் குழுத் தடுப்புச் சட்டம்கூட, உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்காமல், குழுக்களை அரசு பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் வழியைத்தான் எடுத்தது. 1960களில் 1,80,000 பேரைத் தாண்டியிருந்த ஆட்பலம் 2023 இறுதியில் சுமார் 20,400 என்று அந்நாட்டுக் காவல்துறைக் கணக்கு சொல்கிறது. இன்றைய தோக்கியோவை வைத்து எழுதிவிட்டு, நகரமே யாக்குசா தலைவனைப் பார்த்து நடுங்குவதாகச் சொன்னால் நம்ப முடியாது. வயதான ஆட்கள், சுருங்கும் வருமானம், வங்கியில் கணக்குத் தொடங்க முடியாத நிலை: இப்படித் தேய்ந்துகொண்டிருக்கும் ஓர் அமைப்புக்குள் பூக்கும் காதல், கொழுத்த அமைப்புக்குள் பூப்பதைவிட எனக்கு அதிகம் வலிக்கிறது. இது என் சொந்த ருசியாகவும் இருக்கலாம்.

அடுத்தது, மன்னிக்கச் சிரமப்படும் தவறு. ஆண்மையையே மூலதனமாக வைத்து நடக்கும் இந்தக் கூட்டங்களில், ஆணை நேசிக்கும் ஆணைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காததுபோல் எழுதிவிடுவது. நியூ ஜெர்சியில் டிகவல்கான்டே என்ற மாஃபியா ‘குடும்பம்’, அதாவது குற்றக் கூட்டம், இருந்தது. அதன் தற்காலிகத் தலைவராக இருந்த ஜான் டமாட்டோ 1992இல் கொல்லப்பட்டார். அவரைச் சுட்டதாக ஒப்புக்கொண்ட ஆன்டனி காப்போ 2003இல் நீதிமன்றத்தில் காரணத்தையும் சொன்னார். தலைவர் ஆண்களுடன் உறவு வைத்திருந்தார், அது வெளியே தெரிந்தால் மற்ற குடும்பங்கள் தங்களை மதிக்கமாட்டார்கள் என்பதுதான் அது. தலைமைப் பதவியே அவரைக் காப்பாற்றவில்லை. இதைப் படித்த பிறகு, ‘என் ஆட்கள் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்’ என்று நாயகன் சிரித்தபடி சொல்லும் வரியை என்னால் கடந்துபோக முடிவதில்லை.

வெறுப்பே இல்லாத கற்பனை உலகைப் படைக்க எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. அப்படியானால் அதை முதல் அத்தியாயத்திலேயே தெளிவாக நிறுவிவிட வேண்டும். நியூ ஜெர்சி என்று பெயர் வைத்துவிட்டு அந்த ஊரின் வரலாற்றைத் துடைத்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே அமைப்புகள் ஆண்களுக்கு இடையே சில நெருக்கங்களைத் தாமே சடங்காக்கி வைத்திருக்கின்றன. யாக்குசாவின் சகாசுகி சடங்கில் சாக்கே மதுவைக் கிண்ணத்தில் பகிர்ந்து பருகி, ஓயாபுன் எனப்படும் தந்தை நிலையும் கோபுன் எனப்படும் பிள்ளை நிலையும் ஏற்கப்படுகின்றன. சகோதரர்களாகும் இருவருக்கும் தனிக் கிண்ணச் சடங்கு உண்டு. சரிநிகர் சகோதரர் என்றால் பாதிக்குப் பாதி. மூப்பு இளமை இருந்தால் ஆறுக்கு நான்கு, ஏழுக்கு மூன்று என்று பங்கு மாறும். எவ்வளவு ஊற்றப்படுகிறது என்பதிலேயே உறவின் எடை தெரிந்துவிடுகிறது. காதலிக்கும் இருவர் ஊர் முன்னிலையில் சகோதரர்களாகக் கிண்ணம் மாற்றிக்கொள்ளும் நிலை வந்தால் அது அவர்களுக்கு மறைப்பா, தண்டனையா, கிட்டத்தட்டத் திருமணமா? ஒரு நாவலையே தாங்கக்கூடிய கேள்வி இது. சடங்கை வெறும் ஜப்பானிய அலங்காரமாகக் கொண்டுவந்து இரண்டு வரியில் முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது கனிவுக்கு வருகிறேன். உடைமை உணர்வைக் கனிவு என்று எழுதிவிடுவது இந்த வகையின் ஆகப்பெரிய சறுக்கல். ‘நீ எனக்குச் சொந்தம்’ என்று தலைவன் சொல்கிறான், அறையைப் பூட்டுகிறான், மற்றவனுடைய தொலைபேசியை வாங்கி வைக்கிறான், பிறகு காய்ச்சலில் கிடப்பவனின் நெற்றியில் ஈரத்துணி போடுகிறான். அந்த ஈரத்துணி முந்தையதை எல்லாம் துடைத்துவிட்டதாக அத்தியாயம் முடிகிறது. இருட்டான காதல் கதையில் பூட்டிய அறை இருக்கலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இருட்டை விரும்பித்தானே இந்தக் கதைகளைக் கையில் எடுக்கிறோம். பூட்டுவதை அன்பு என்று அந்தப் பாத்திரம் நம்பலாம். கதைசொல்லியும் சேர்ந்து நம்பிவிட்டால்தான் நாவல் கெட்டுப்போகிறது.

எழுதுகிறவர்களிடம் நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. வலிமை குறைந்தவன் ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகும் கதை நகர்கிறதா? அந்த மறுப்பை ஏற்பதால் வலிமை உள்ளவன் ஏதாவது இழக்கிறானா? நகரவில்லை என்றால் வலிமை குறைந்தவனிடம் நீங்கள் சம்மதத்தைக் கேட்கவே இல்லை என்று பொருள். ‘மௌனம் சம்மதம்’ என்று நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. மேசைமேல் துப்பாக்கி இருக்கும் வீட்டில் அந்த வழக்கு செல்லாது.

இதைச் சரிசெய்ய அறிவுரை வசனங்களைச் சேர்க்க வேண்டாம். வலிமை குறைந்தவன் கையில் ஒரு தொழிலைக் கொடுங்கள். அவன் கூட்டத்தின் கணக்கைப் பார்ப்பவனாக இருக்கட்டும். எந்தக் கடையிலிருந்து எவ்வளவு மாமூல் வருகிறது, அது எந்தப் பெயரில் எங்கே போகிறது என்று தலைவனைவிட அவனுக்கு நன்றாகத் தெரியட்டும். அல்லது சான்றிதழ் கேட்காமல் குண்டு எடுக்கும் மருத்துவனாக இருக்கட்டும். அப்போது அஞ்ச வேண்டியவர்கள் இருவராகிவிடுகிறார்கள். ஒருவனை ஒருவன் அழிக்கக்கூடிய நிலையில் இருந்தும் அழிக்காமல் இருப்பது, பத்து முத்தக் காட்சிகள் செய்யாத வேலையைச் செய்யும்.

காயத்துக்குக் கட்டுப்போடும் காட்சியைப் பற்றி ஒரு வரி: எல்லோரும் எழுதிவிட்டார்கள். கனிவுக்கு வேறு சிறு பொருள்களைத் தேடுங்கள். 43 ஆண்டுகள் தலைமறைவாக இருந்த கோசா நோஸ்ட்ரா தலைவர் பெர்னார்தோ புரோவென்சானோ 2006 ஏப்ரல் 11 அன்று தன் சொந்த ஊரான கோர்லியோனேக்குச் சற்று வெளியே, ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டார். தொலைபேசியைத் தவிர்த்து, பிட்சினி எனப்படும் சிறு தாள் துண்டுகளில் தட்டச்சு செய்து அனுப்பியே அமைப்பை நடத்தியவர் அவர். அவ்வளவு கவனமாக இருந்தவரிடம் காவல்துறையை இட்டுச்சென்றது, மனைவி துவைத்து அனுப்பிய துணிப் பொட்டலம். அதைப் பின்தொடர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள். நான் இதை முதன்முதலில் படித்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் செய்தவை கொடியவை. அந்தப் பொட்டலத்தில் இருந்தது சலவை செய்த சட்டை. இருட்டும் கனிவும் ஒரே பொருளில் குடியிருப்பது இப்படித்தான். உங்கள் கதையில் அந்தச் சட்டைக்கு ஈடானது எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. இருவருமே ‘அவன்’. ‘அவன் அவனைப் பார்த்தான், அவன் கண்கள் கலங்கின’ என்றால் யாருடைய கண்கள்? இதற்குப் பயந்து பலர் வரிக்கு வரி பெயரைச் சொல்கிறார்கள். இன்னும் சிலர் ‘உயரமானவன்’, ‘நீலக்கண்ணன்’ என்று பட்டம் சூட்டுகிறார்கள். படுக்கையறையில் ஒருவனை ‘இளையவன்’ என்று அழைக்கும் வரி காதல் காட்சியை அடையாள அணிவகுப்பாக ஆக்கிவிடும். நம் மொழியிலேயே கருவி இருக்கிறது. யாருடைய மனத்திலிருந்து கதை சொல்கிறீர்களோ அவனை ‘இவன்’ ஆக்குங்கள், மற்றவன் ‘அவன்’. அருகும் தொலைவும் அந்த ஓரெழுத்திலேயே வந்துவிடும். தலைவனை ‘அவர்’ என்று தொடங்கி, எந்த இரவில் ‘அவன்’ ஆக்குவது என்று காத்திருப்பதும் ஒரு வழி. ‘நீங்கள்’ என்று விளித்தவன் முதன்முறை ‘நீ’ என்று சொல்லும் இடத்தை எந்த ஆங்கில நாவலும் எழுத முடியாது. அதை மூன்றாம் அத்தியாயத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

ஜப்பானியக் கதையில் கூட்டத்து மூத்தவனை அழைக்கும் ‘அனிகி’ என்ற விளியை ‘அண்ணா’ என்று மாற்றுவதும் வேண்டாம். நம் காதில் அண்ணன் என்றால் அண்ணன்தான்; அதே வாயால் காதல் சொன்னால் வாசகர் திடுக்கிட்டு வெளியே வந்துவிடுவார். அனிகி அனிகியாகவே இருக்கட்டும்.

மறைவில் சந்திக்கும் காட்சிகளுக்கு வெளிநாட்டு முன்மாதிரியைத் தேடிப்போகவும் தேவையில்லை. சங்க அகப்பாடல்களின் களவு முழுவதும் கண்காணிப்புக்கு நடுவே நடப்பதுதான். ஊர்க்காவலர் உலவுகிறார்கள், தாய் உறங்கவில்லை, நாய் குரைக்கிறது, நிலவு வெளிச்சம் காட்டிக்கொடுக்கிறது, அலர் எனும் ஊர்ப்பேச்சு பரவுகிறது. காதலன் அடையாளமாக எழுப்பும் ஓசை என்று நம்பிக் காதலி வெளியே வர, நீரில் காய் விழுந்த ஓசையாக அது இருந்துவிடுகிறது. அல்லகுறி என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பலேர்மோ சந்தில் இரண்டு முறை ஒலிக்கும் ஸ்கூட்டர் ஹாரனுக்கு ஒருவன் சன்னலைத் திறக்கிறான், கீழே நிற்பது வேறு ஆள். தெரு, காலம் எல்லாம் வேறாக இருந்தாலும் தமிழ் வாசகருக்கு அந்த நெஞ்சடைப்பு உடனே புரியும்.

கதையில் வல்லுறவு, சித்திரவதை, தற்கொலை எண்ணம் போன்றவை வருமானால் முகப்பிலேயே எளிய சொற்களில் குறிப்பிட்டுவிடுங்கள். திருப்பம் கெட்டுப்போகும் என்று சிலர் தயங்குகிறார்கள். எச்சரிக்கையாலேயே கெட்டுப்போகும் திருப்பம் இருந்து பயனில்லை.

கடைசியாக, வெளியேறுதல். ‘உனக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு இருவரும் ஒரு கடற்கரை வீட்டில் காப்பி குடிக்கும் முடிவு நூறு கதைகளில் வந்துவிட்டது. மகிழ்ச்சியான முடிவை நானும் விரும்புகிறவன்தான். இவ்வளவு துன்பப்பட்டவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் அந்த வீட்டுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதாமல் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. இத்தாலியில் அரசுக்குச் சாட்சி சொல்லி வெளியேறுகிறவன் தன்னோடு வளர்ந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உச்சரிக்க வேண்டும். பிறகு தன் பெயரையும் ஊரையும் துறந்து வாழ வேண்டியிருக்கும். ஜப்பானில் 2011க்குள் எல்லா மாகாணங்களுக்கும் பரவிய, இந்தக் குழுக்களோடு பிறர் தொழில் உறவு வைப்பதைத் தடுக்கும் விதிகளின் கீழ், யாக்குசாவை விட்டு விலகியவனையும் ஐந்து ஆண்டுகள் உறுப்பினனைப் போலவே நடத்துகிறார்கள். அவனால் வங்கிக் கணக்கு தொடங்க முடிவதில்லை, தன் பெயரில் வீடு வாடகைக்குப் பிடிப்பதும் பெரும்பாடு.

ஆக, இறுதி அத்தியாயத்தைக் கடற்கரையில் தொடங்காதீர்கள். வீட்டுத் தரகரின் அலுவலகத்தில் தொடங்குங்கள். மேசையில் ஒப்பந்தத் தாள் இருக்கிறது. யார் யார் தங்கப்போகிறார்கள் என்று தரகர் கேட்கிறார். முன்பு ஆயிரம் பேரை அதட்டியவன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். கணக்குப் பார்த்தவன் பேனாவை எடுக்கிறான்.