தண்ணீர் குடித்ததால் வந்த வினை

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை பழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் லைசென்ஸ் மேல் விசாரணை வந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று வருடக் கண்காணிப்புத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். தினமும் காலையில் செயலியைப் பார்க்க வேண்டும். நம் முறை வந்தால் அன்றைக்கே போய்ப் போதைப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும், அதுவும் கைக்காசில்.

நான்காவது மாதம் அடுத்தடுத்து இரண்டு முறை ‘நீர்த்த மாதிரி’, அதாவது சிறுநீரில் தண்ணீர் அதிகம் என்று முடிவு வந்தது. நான் எந்த மாத்திரையையும் தொடவில்லை. ஆனால் நீர்த்திருந்தாலே எதையோ மறைக்கிறாள் என்றுதான் பார்ப்பார்கள். ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். சிறுநீரின் அடர்த்தியைக் காட்டும் கழிவுப் பொருளான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராம். 20 ஆவது இருக்க வேண்டும். குற்றவாளி என் தண்ணீர் பாட்டில்தான். ஆள் பார்க்க நிற்கும்போது சிறுநீர் வராதோ என்ற பயத்தில், காத்திருக்கும்போதே ஒரு லிட்டரைக் காலி செய்திருக்கிறேன். பத்து வருடம் ஐசியுவில் நோயாளிகளின் இன்டேக், அவுட்புட் (உள்ளே போகும், வெளியே வரும் நீரின் அளவு) எழுதியவள்!

அப்புறம் ஆய்வகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன், காலையின் முதல் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும் என்பதால். கொடுத்து முடிக்கும்வரை ஒரு டம்ளருக்கு மேல் குடிப்பதில்லை. பரிசோதனையில் காட்டிவிடக்கூடாதே என்று ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் தூக்கிப் போட்டேன். சந்தேகம் தீர, சுமார் 90 நாள் கணக்கைக் காட்டும் முடிப் பரிசோதனையை நானே கேட்டு எடுத்து, எழுத்து மூலமாக விளக்கமும் கொடுத்தேன். இரண்டு நீர்த்த முடிவுகளும் மீறலாகப் பதிவாகவில்லை. அடுத்த மாதிரியில் கிரியேட்டினின் 96.