கைநடுக்கமும் செபமாலையும்: நான் குடியை விட்ட விதம்

காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் பாதி தட்டில் சிந்தும். இரண்டு மிடறு சாராயம் உள்ளே போனால்தான் கை நிற்கும். போயா எனும் பௌர்ணமி தினத்தில் சாராயத் தவறணை பூட்டிக் கிடக்குமென்று முதல் நாளே அரைப் போத்தல் வாங்கி அரிசி வாளிக்குள் ஒளித்து வைப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில், சாகும்வரை தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு அன்றே அடியோடு நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன். பலர் அறியாதது இது: உடம்பு பழகிய பிறகு திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அது விசுவாசக் குறைவு அல்ல. ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்து அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள், விட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். நடுக்கம் நின்றது, ஆசை நிற்கவில்லை. மூன்று வாரத்தில் மறுபடி குடித்தேன்.

அப்புறம்தான் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "கர்த்தர் கற்பித்த செபத்தில் எந்த நாளுக்கு உணவு கேட்கிறோம், தம்பி?" என்றார் ஃபாதர். இன்றைக்கு. ஆயுள் முழுவதற்குமான சத்தியத்தை அங்கேயே விட்டேன். காலையில் அன்றைக்கு மட்டும் கேட்பேன். மாலை ஆறு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு தரிப்பு முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, தவறணை வாசலைத் தொடாமல் கோவிலுக்கு நடப்பேன். செபமாலை சொல்லி முடிக்க இருபது நிமிடம். எனக்கு ஆசை ஏறி இறங்கவும் அவ்வளவு நேரம்தான்!

இருமல் சிரப்கூட அல்கஹோல் இல்லாததா என்று பார்மசியில் கேட்டே வாங்குகிறேன்.